தாடை வலி: எனக்குப் பலித்தது மதினிக்குப் பலிக்கவில்லை

காதுத் துளைக்குச் சற்று முன்னால் இரண்டு விரல்களை வைத்து, மெதுவாக வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு முன்னால் போய்த் திரும்பி வருவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனை, மண்டையோட்டின் பக்கத்தில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய டிஸ்க் ஒன்று. வாயைக் கொஞ்சமாகத் திறந்தால் அந்த முனை கதவுக் கீல் மாதிரி இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அகலமாகத் திறந்தால் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு குழியை விட்டு முன்னால் வழுக்கி வருகிறது. வலமும் இடமும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள். அதனால் ஒரு பக்கம் சுணங்கினால் மறுபக்கமும் அதற்கேற்ப வளைந்துகொடுத்தாக வேண்டும்.

இதை இயக்குபவை மெல்லும் தசைகள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது ஒன்று, நெற்றிப்பொட்டில் அசைவது ஒன்று, உள்பக்கம் இரண்டு. மூட்டில் கோளாறா, தசையில் கோளாறா, இரண்டிலுமா என்பதைப் பொறுத்து மருத்துவமே மாறிவிடுகிறது. இதை நான் தெரிந்துகொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் வேறு பல மருத்துவங்கள் நடந்து முடிந்திருந்தன.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் என்றால் ஐந்து பீரியடும் வாய்தான் வேலை செய்ய வேண்டும். வலி வலது காதுக்குள் இருப்பதாகத்தான் முதலில் தோன்றியது. காலையில் எழுந்ததும் தாடை கனக்கும், பல் துலக்கும்போது இழுக்கும். மதியத்துக்கு மேல் நெற்றிப்பொட்டு தெறிக்கும். கொட்டாவி வந்தால் பயம். பரோட்டாவோ பழைய சப்பாத்தியோ சாப்பிட்டால் அடுத்த நாள் வகுப்பில் செய்யுளை வாய்விட்டுப் படிக்க முடியாது. மாணவர்களிடம் "நீ படி" என்று புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன். அது எனக்குப் பெரிய வருத்தம். செய்யுளை ஆசிரியர் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டாமல் அர்த்தம் சொல்லத் தொடங்குவது எனக்குப் பிடிக்காத காரியம்.

காது மருத்துவர் பார்த்தார். காது சுத்தமாக இருந்தது, கேட்பும் சரியாக இருந்தது. சொட்டு மருந்தும் வலி மாத்திரையும் கிடைத்தன. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 1934இல் இந்தத் தாடைக் கோளாறைக் காது அறிகுறிகளோடு சேர்த்து எழுதியவரே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான், ஜேம்ஸ் காஸ்டன் என்று பெயர். காதில் அடைப்பு, இரைச்சல், வலி என்று வந்தவர்களுக்குத் தாடையில் பிரச்சினை இருப்பதை அவர் கவனித்தார். கடைவாய்ப் பற்கள் போனதால் தாடை பின்னால் அழுந்துகிறது என்று காரணம் சொன்னார். கவனித்தது பயனுள்ளது, சொன்ன காரணம் பிறகு நிற்கவில்லை. ஆனாலும் 'கடி சரியில்லை, அதனால்தான் வலி' என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் வெகுகாலம் தங்கிவிட்டது.

அந்த எண்ணத்தை நானும் சந்தித்தேன். அடுத்துப் போன பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சொத்தை இல்லை. "மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியா உட்காரல. நாலைஞ்சு பல்லை ராவி, கேப் போட்டுட்டா சரியாப் போயிடும்" என்றார்கள். தொகை என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. தொகையை விடவும் என்னைத் தடுத்தது வேறொன்று. ராவிய பல் திரும்ப வளராது. நல்ல பல்லை எதற்காக ராவ வேண்டும் என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பதில் எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றுக்குச் சம்மதம் தர மனம் வரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளி விஞ்ஞான ஆசிரியை ஒருவர்தான், பல் மருத்துவக் கல்லூரிகளில் ஓரல் மெடிசின் என்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள் என்றார். வாய், தாடை, முகம் இவற்றில் வரும் நோய்களையும் வலிகளையும் பார்க்கிற பிரிவு அது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. அங்கே இருந்தவர் என்னைவிட வயதில் சின்னவர். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார், பேசினார் என்பதைவிடக் கேட்டார் என்பதுதான் சரி.

எந்த நேரத்தில் வலி கூடும், எப்போது குறையும். விடுமுறை நாளில் எப்படி. எந்தப் பக்கம் மெல்லுவீர்கள், எந்தப் பக்கம் படுப்பீர்கள். எழும்போதே வலியா, மாலையில்தானா. குறட்டை உண்டா. கழுத்து, தோள், இடுப்பு என்று வேறெங்காவது வலி உண்டா. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்று பிறகு விளக்கினார்: மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பதைக் கூட்டலாம். அப்படி இருந்தால் மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஒரு தாளைக் கொடுத்தார். தூக்கம், கவலை, வலியால் எந்த வேலைகள் தடைப்படுகின்றன, விழித்திருக்கும்போது பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேள்விகள். உடலின் படம் ஒன்றில் வலிக்கும் இடங்களைத் தீட்டச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "மனசுலதான் வியாதின்னு சொல்லப் போறீங்களா டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன். "இல்லை டீச்சர். வலி நிஜம். ஆனா ஒரே மாதிரி தசை வலி வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நல்லாத் தூங்குறார், இன்னொருத்தர் தூங்குறதே இல்லைன்னா, ரெண்டு பேருக்கும் நான் ஒரே வைத்தியம் பண்ண முடியாது" என்றார். 2014இல் சர்வதேச அளவில் வெளியான நோயறியும் வரைமுறை ஒன்று இந்தத் துறையில் பின்பற்றப்படுகிறது. அது இரண்டு அச்சுகளாகப் பிரிகிறது. முதல் அச்சில் தசை, மூட்டு, டிஸ்க். இரண்டாவதில் அந்த மனிதரின் தூக்கம், கவலை, அன்றாடம். தாளில் இருந்த கேள்விகள் இந்த இரண்டாவது அச்சைச் சேர்ந்தவை.

பரிசோதனையை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் எனக்குச் செய்யாத ஒன்று அதில் இருந்தது. ஒரு சின்ன ஸ்கேலால் வாய் திறப்பதை அளந்தார். முதலில் வலியில்லாமல் எவ்வளவு, பிறகு வலித்தாலும் முடிந்தவரை எவ்வளவு. பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டும், நம் கணக்கில் நம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்கும் அளவு. எனக்கு வலியில்லாமல் 29, வலியோடு 42. மூட்டில் விரல் வைத்து ஓசை இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டையும் ஒரு விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தினார். சுமார் ஒரு கிலோ எடை அளவுக்குத்தான் அழுத்த வேண்டுமாம், தராசில் விரலை அழுத்திப் பழகிக்கொள்வோம் என்றார்.

"அழுத்துனா யாருக்கும் கொஞ்சம் வலிக்கும் டீச்சர். வலிக்குதான்னு கேட்கல. நீங்க எந்த வலிக்காக இங்க வந்தீங்களோ, அது இதுதானான்னு சொல்லுங்க."

கன்னத்தின் கீழ்ப்பாதியில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றபோது வலி காதுக்குள் ஓடியது. அதே வலி. ஒரு வருடமாக நான் காதில் இருப்பதாக நினைத்த வலி. நெற்றிப்பொட்டில் அழுத்தியபோது மாலை நேரத் தலைவலி அப்படியே வந்தது. கன்னத் தசையின் வலி காதுக்கும் கீழ்க் கடைவாய்க்கும், நெற்றிப்பொட்டுத் தசையின் வலி தலைக்கும் மேல் பற்களுக்கும் போய்த் தெரியும். நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டு, வலி போகாமல், அடுத்த பல்லுக்கும் செய்துகொள்கிறவர்கள் இதனால்தான் உண்டாகிறார்கள். என் மூட்டில் ஓசையும் இல்லை, தடையும் இல்லை. தசைதான்.

பிறகு டாக்டர் கேட்டார்: "உங்களுக்கு முதல்ல எது திரும்பக் கிடைக்கணும்?" வலி போக வேண்டும் என்றேன். "அது சரி. வலி பாதி குறைஞ்சாக்கூட எதைச் செய்ய முடிஞ்சா உங்களுக்கு நிம்மதி?" வகுப்பில் செய்யுள் படிக்க வேண்டும் என்றேன். அதை அவர் குறிப்பில் எழுதிக்கொண்டார். பின்னால் ஒவ்வொரு தடவையும் மில்லிமீட்டர் கணக்கோடு இதையும் கேட்டார்: இந்த வாரம் படித்தீர்களா, எவ்வளவு நேரம், எந்தப் பாடம். நோயாளியை மையமாக வைத்த சிகிச்சை என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அதை நான் இந்தக் கேள்வியாகத்தான் அறிந்தேன்.

விடைத்தாள் திருத்தும்போது பல்லைக் கடிக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்ததும் அவர் கேள்விகளால்தான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் தொட வேண்டும். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். நாக்கின் நுனி, 'ன' என்று சொல்லப் போகும்போது எங்கே போய் நிற்குமோ, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அங்கே இளைப்பாற வேண்டும். இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அழுத்திக் கடிக்கவே வேண்டாம், லேசாகத் தொட்டுக்கொண்டே மணிக்கணக்கில் இருந்தாலும் தசைக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

தெரிந்தால் மட்டும் பழக்கம் போய்விடாது, நினைவுபடுத்த ஏதாவது வேண்டும். போனில் மணி அடிக்க வைக்கலாம் என்றார் டாக்டர். வகுப்பில் போன் முடியாது என்றேன். "ஸ்டிக்கர் பொட்டு?" என்று அவரே கேட்டார். ஓர் அட்டை சிவப்புப் பொட்டு வாங்கி, சிவப்புப் பேனாவின் மூடியில் ஒன்று, வருகைப் பதிவேட்டின் அட்டையில் ஒன்று, ஸ்கூட்டியின் ஸ்பீடோமீட்டர் ஓரத்தில் ஒன்று, அடுப்படியில் மிளகாய்ப் பொடி டப்பாவில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று என்று ஒட்டினேன். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விலக்கு, தோளை இறக்கு, ஒரு மூச்சை மெதுவாக விடு. அவ்வளவுதான். ஸ்கூட்டியில் போகும்போது நான் எவ்வளவு இறுக்கிக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று அந்தப் பொட்டுதான் காட்டியது. எனக்குக் கிடைத்த மருத்துவத்தில் மிகவும் மலிவானதும் மிகவும் பலித்ததும் இதுதான்.

மற்றவை இதைச் சுற்றி வந்தன. உப்பு ஒத்தடம், காலையும் இரவும் பத்துப் பதினைந்து நிமிடம், புறங்கையில் சூடு பார்த்துவிட்டு. பிசியோதெரபிஸ்ட் தசையில் முடிச்சுக் கட்டியிருந்த இடங்களைக் கையால் தளர்த்தினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தபடியே வாயைத் திறந்து மூடும் பயிற்சியைக் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார், தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக. கொட்டாவி வந்தால் நாக்கை மேலே அழுத்திக்கொள்ள வேண்டும், வாய் அளவுக்கு மீறித் திறக்காது. குனிந்து திருத்தாமல் இருக்க ஒரு சாய்வுப் பலகை. முறுக்கு, சீடை, கரும்பு, எலும்புக் கறி எல்லாவற்றையும் சில வாரங்கள் தள்ளிவைத்தேன். எப்போதும் கஞ்சியாகக் குடிக்கவும் கூடாது என்றார், தசை சோம்பிவிடும். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மீன், ஆப்பிள் என்றால் சின்னதாக நறுக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல வேண்டும். சூயிங்கம் கூடவே கூடாது.

இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு எனக்கு வேண்டுமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் போட்டிருந்தாள். டாக்டர் மறுக்கவில்லை, ஆனால் உடனே வேண்டாம் என்றார். உங்களுக்கு வலி கூடுவது மாலையில், கடிப்பது பகலில், இரவுக் கார்டு அதை எப்படி நிறுத்தும் என்று கேட்டார். நாள்பட்ட தாடை வலிக்கு எந்தெந்தச் சிகிச்சை நல்லது என்று 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை அறிதல் நடத்தைச் சிகிச்சை (பேச்சு வழியாக எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குவது), பயிற்சியாளர் துணையோடு செய்யும் தாடைப் பயிற்சியும் மூட்டு அசைவும், தசை முடிச்சைக் கையால் தளர்த்துவது, உடல் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, நல்ல விளக்கத்தோடு வீட்டில் செய்யும் பயிற்சி. கழற்றி மாட்டும் கார்டு, போடாக்ஸ் ஊசி, லேசர், ஸ்டீராய்டு ஊசி போன்றவை பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது என்ற பக்கத்தில் இருக்கின்றன. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளிண்ட் என்ற பல் உறையும், டிஸ்கை எடுத்துவிடும் அறுவையும் வேண்டவே வேண்டாம் என்ற பக்கத்தில். அதைப் படித்தபோது, ராவச் சொன்ன பற்கள் இன்னும் என் வாயில் முழுசாக இருப்பதை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது மதினி கதைக்கு வருகிறேன். அண்ணன் மனைவி. பாளையங்கோட்டையில் சின்னதாக டிபன் கடை. வாயைத் திறந்தால் இடது பக்கம் 'டக்' என்று ஓசை வரும், வருடக்கணக்காக. வலி கிடையாது, யாரும் கவலைப்பட்டதும் இல்லை. வலியில்லாத ஓசை ஏராளமானோருக்கு இருக்கிறது, அதற்கு மருத்துவம் தேவையில்லை என்பதும் உண்மைதான். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஓசையும் நின்றுவிட்டது. "சத்தம் போயிருச்சு, வாயும் போயிருச்சு" என்று போனில் அழுதார்.

நான் செய்ததையெல்லாம் அவரும் செய்தார். பொட்டு ஒட்டினார், ஒத்தடம் கொடுத்தார், மெத்தென்று சாப்பிட்டார். எதுவும் நகரவில்லை. அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதே டாக்டர், வேறு கேள்விகள்.

மதினிக்குத் திறந்தது 25 மில்லிமீட்டர். திறக்கும்போது தாடை இடது பக்கம் கோணியது. டாக்டர் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது கன்னத்தின் உள்பக்கத்தை. மதினிக்கு வெற்றிலை பாக்கு உண்டு. பாக்குப் போடுகிறவர்களுக்கு வாயின் உள்தோல் நார்பிடித்து, வெளுத்து, கயிறு கட்டியது போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோய் ஒன்று உண்டு. காரம் பட்டால் எரியும். அது தாடை மூட்டு நோயே இல்லை, புற்றுநோயாக மாறக்கூடியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாய் திறக்கவில்லை என்று வரும் யாரிடமும் நம் ஊரில் இதைப் பார்க்காமல் தாண்டக் கூடாது. நல்லவேளை, மதினிக்கு அது இல்லை. ஆனாலும் பாக்கை விடச் சொன்னார்.

மதினியின் கோளாறு டிஸ்க். முன்பெல்லாம் இடம்விட்டு நகர்ந்த டிஸ்க், வாய் திறக்கும்போது 'டக்' என்று திரும்ப எலும்பு முனையின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது ஏறாமல் முன்னாலேயே நின்றுவிட்டது. அதனால்தான் ஓசையும் இல்லை, திறப்பும் இல்லை. டாக்டர் ஒரு மண்டையோட்டு மாதிரியை எடுத்துவந்து, கையாலேயே அசைத்துக் காட்டினார். மதினிக்கு நீளமான கேள்வித்தாளைப் படிக்க வராது என்று தெரிந்ததும், தானே வாசித்துக் காட்டிப் பதிலைக் குறித்துக்கொண்டார். கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொட முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். மதினிக்குச் சுலபமாகத் தொட்டது. மூட்டுகள் இயல்பிலேயே நெகிழ்ச்சியாக இருப்பவர்களுக்குப் பயிற்சியை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்.

மதினியின் பெரிய நோய் பயம். கடைக்கு வந்த யாரோ "தாடையை வெட்டித்தான் சரிபண்ணுவாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அந்தப் பயத்துக்குத்தான் முதல் மருந்து கொடுத்தார். இந்த மாதிரிப் பூட்டு விழுந்தவர்களில் நிறையப் பேருக்குச் சில மாதங்களில் வலி குறைந்து, திறப்பும் கூடுகிறது. டிஸ்க் பழைய இடத்துக்கு வராவிட்டாலும் மூட்டு பழகிக்கொள்கிறது. வலி குறையாமல், திறப்பும் கூடாமல் போனால் அடுத்த படி ஸ்கேன், மூட்டுக்குள் ஊசியால் கழுவிவிடுவது என்று இருக்கிறது, வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இதைக் கேட்ட பிறகுதான் மதினி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கொடுக்காத வலி மாத்திரையை அவருக்குச் சில நாட்களுக்குக் கொடுத்தார், இரத்தக் கொதிப்பையும் வயிற்றுப் புண்ணையும் விசாரித்துவிட்டு. பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்ட கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து மூட்டைக் கீழே இறக்கி அசைத்தார். வீட்டுப் பயிற்சிக்கு நேரமில்லை என்றார் மதினி, விடியுமுன் எழுந்து மாவு ஊற்றுகிறவர். சரி, இட்லிச் சட்டி அடுப்பில் ஏறி வேகும் நேரம் சும்மாதானே நிற்கிறீர்கள், அப்போது செய்யுங்கள் என்று அதோடு முடிச்சுப் போட்டார்கள். ஒவ்வொரு ஈடுக்கும் ஒரு பயிற்சி. இது நடந்தது. நேரம் குறித்துக் கொடுத்திருந்தால் நடந்திருக்காது.

மதினிக்கு நைட் கார்டும் செய்தார்கள். ராத்திரி பல் கடிக்கிற சத்தம் கேட்டு அண்ணன் எழுந்துவிடுவதுண்டு, பற்களும் தேய்ந்திருந்தன. "இது வலிக்காக இல்லைம்மா, பல்லைக் காப்பாத்த" என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார். கடி மாறிவிடாமல் அவ்வப்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், பகலெல்லாம் போட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். மாதங்கள் போகப் போக 25 என்பது 30ஐத் தாண்டி, இப்போது 38இல் நிற்கிறது. வாழைப்பழத்தைக் கடித்துச் சாப்பிடுகிறார். அகலமாகக் கொட்டாவி விட்டால் இன்னும் இழுக்கிறது.

இந்தத் துறையில் பொறுமை ஏன் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. டிஸ்குக்குப் பதிலாக மூட்டில் வைக்கும், டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை விற்க 1983இல் அனுமதி கிடைத்தது. மெல்லும் அழுத்தத்தில் அந்தத் தட்டு துகள் துகளாக உடைந்தது. அந்தத் துகள்களை எதிர்த்து உடல் செய்த போரில் பலருக்குத் தாடை எலும்பே அரித்துப் போனது. 1990இல் அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான டெர்ரி கௌலி, 1986இலேயே நோயாளிகளுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். 2020இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் இந்தக் கோளாறு பற்றி வெளியிட்ட பெரிய அறிக்கை, நோயாளிகளின் வாக்குமூலங்களையும் கேட்டுத்தான் எழுதப்பட்டது. பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் நடுவில் இந்த நோயாளிகள் அநாதையாக நிற்கிறார்கள் என்பது அது சுட்டிக்காட்டிய முக்கியமான குறை. காது மருத்துவர் வாசலிலும் பல் மருத்துவர் வாசலிலும் மாறி மாறி உட்கார்ந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. அமெரிக்காவில் நூற்றுக்கு 5 முதல் 12 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், பெண்கள்தான் அதிகம். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றைக் காட்ட எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாமல் இருப்பது சரியில்லை.

தாடை வலி எல்லாம் தாடைக் கோளாறும் இல்லை. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் வலி வந்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை ஓய்ந்துபோவது, பார்வை மங்குவது என்றால் நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தாமதித்தால் கண் போய்விடும். முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போல நொடி நேரம் வெட்டி வெட்டி வலித்தால் அது நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. காய்ச்சலோடு வீக்கம், ஞானப்பல் சீழ், கட்டி, முகத்தில் மரத்துப்போதல், விழுந்து அடிபட்ட பின் கடி மாறிப்போவது, திறந்த வாய் மூட முடியாமல் நிற்பது, இவை எதற்கும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்துவையுங்கள்: காலை, மதியம், இரவு வலி எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், அன்று என்ன வேலை. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடப் படுப்பவரிடம் குறட்டை, பல் கடிப்பது பற்றிக் கேட்டுவையுங்கள், நமக்கு அது தெரியாது. எந்த வேலை திரும்ப முடிய வேண்டும் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வலி அடியோடு போய்விடவில்லை. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தால் திரும்ப எட்டிப் பார்க்கும். அது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லி, வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார்: மெத்தென்ற சாப்பாட்டுக்குத் திரும்பு, ஒத்தடத்தைக் கூட்டு, பயிற்சியைப் பாதியாக்கு, ஒரு கட்டு தாளுக்கு ஒரு தடவை எழுந்து நட, இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் வந்து காட்டு. இந்த வருடம் முகாமில் அந்தத் தாளைப் பையிலேயே வைத்திருந்தேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக்கு முதல் செய்யுளை நானே படித்தேன், இரண்டு தடவை, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.

உங்களில் யாருக்காவது பல்லை ராவச் சொல்லியிருந்தாலோ, மூட்டில் அறுவை என்று பேச்சு வந்திருந்தாலோ, கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேட்டுவிடுங்கள். என் வலி தசையிலா, மூட்டிலா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இதைச் செய்தபின் பிடிக்காவிட்டால் பழையபடி மாற்ற முடியுமா? இதற்கு முன்னால் பயிற்சியும் பழக்க மாற்றமும் சில மாதங்கள் செய்து பார்க்கலாமா? மூன்றுக்கும் உங்களுக்குப் புரிகிற பதில் வரவில்லையென்றால், இன்னொரு மருத்துவரிடம், முடிந்தால் ஓரல் மெடிசின் பிரிவில், காட்டிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பிரிவு உண்டு. பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.